ஏழாம் ஜன்னல்

துரை ஒரு பிடி கோப்பி விதையை என் உள்ளங்கையில் கொட்டி, முகர்ந்து பார் என்றார்.

முகர்ந்தேன். கோப்பி கோப்பியாகத்தான் இருந்தது. இன்னும் ஆழமாக இழுத்தேன். தூசி ஏறித் தும்மல் வந்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது.

கம்பெனிக் கந்தோர் விறாந்தையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்றோம். காலை வெயில் எங்கள் முழங்கால் வரை ஏறியிருந்தது. துரையின் கையில் சீமையிலிருந்து வந்த கடதாசி. மேசை மேல் ஒரு சிறிய துணிப்பை. அதற்குள் இருந்தது எங்கள் ஸ்டோரிலிருந்து போன கோப்பிதான். கடல் கடந்து போய், பிடிக்கவில்லை என்று மறுபடி கடல் கடந்து வந்திருந்தது.

கடதாசியில் இருந்ததைத் தலைமைக் கிளாக்கர் எங்களுக்குத் தமிழில் சொன்னார். எல்லா மூட்டையிலும் இல்லையாம், சிலவற்றில் மட்டும் ஒரு நாற்றமாம். அடுப்புப் புகையும் மருந்துக் கடையும் சேர்ந்தது போலவாம். வறுத்தாலும் போகவில்லையாம்.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் முகர்ந்தார்கள். ஒருவர் சாக்கு நாற்றம் என்றார். ஒருவர் எலி என்றார். கிளாக்கர் நாள் முழுக்க மூக்குப்பொடி போடுகிறவர். அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ கண்டுபிடித்தவர் போலத் தலையை ஆட்டினார். துரையின் வாயில் எப்போதும் சுருட்டு இருக்கும். அவரும் முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அவருக்கு உண்மையிலேயே தெரிந்ததா, கடதாசிக்கு மரியாதையாகச் சுளித்தாரா என்பது இன்று வரை எனக்குத் தெரியாது.

பிறகு என் பக்கம் திரும்பினார். மழை நாளில் காயாத கோப்பியை ஸ்டோருக்குள் நெருப்பு மூட்டி உலர்த்தினாயா என்று கேட்டார்.

"இல்லைங்க துரை."

மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் அதையே சொன்னேன். பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த உண்மை அவ்வளவுதான்.

கிளாக்கர் கையை நீட்டினார். இடுப்பிலிருந்த ஸ்டோர் வாசல் சாவியை அவிழ்த்துக் கொடுத்தேன். கொழும்பிலிருந்து பெரிய துரை வந்து விசாரிக்கும் வரை, இரண்டு கிழமைக்கு வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்றார்கள். விசாரணையில் குற்றம் உறுதியானால் வேலை போகும். வேலையோடு கம்பெனி கொடுத்திருந்த வீடும் போகும். நற்சான்றுக் கடதாசியும் கிடைக்காது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன், அந்த ஒரு பிடி கோப்பி இன்னும் என் கையிலேயே இருந்தது. திருப்பிப் பையில் போடலாமா என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே வந்துவிட்டேன் போலிருக்கிறது. அதைச் சால்வை முனையில் முடிந்து வைத்தேன்.

## ஒரு வரியில் தாண்டிய கதை

இந்தப் பத்தியில் முன்பு ஒரு வாரம், "அந்த வருஷம் என்னைச் சில நாட்கள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்" என்று ஒரே வரி எழுதிவிட்டு ரயில் கதைக்குப் போய்விட்டேன். நாவலப்பிட்டியிலிருந்து ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார், அதை ஏன் ஒளிக்கிறீர்கள் என்று. ஒளிக்கவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது சொல்கிறேன்.

இன்று கண்டியைச் சுற்றி மலையெல்லாம் தேயிலை. அன்று அதே மலையில் கோப்பி. பழத்தைத் தோட்டத்திலேயே சதை நீக்கி, கழுவி, உள்தோலோடு காயவைத்து மாட்டுக் கரத்தையில் ஏற்றி அனுப்புவார்கள். பெரும்பாலும் அது அப்படியே கொழும்புக்குப் போய்விடும். எங்கள் கம்பெனி மட்டும் கண்டியில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், சொந்தமாக ஒரு ஸ்டோர் வைத்திருந்தது. அங்கே மறுபடி வெயிலில் காய்ந்து, தோல் நீங்கி, பெண்கள் கையால் பொறுக்கி, மூட்டையாகக் கட்டுவோம்.

நான் அங்கே கணக்கப்பிள்ளை. பாதிரிமார் இஸ்கோலில் ஆறு வருஷம் படித்திருந்தேன். வாசல் திறப்பது, மழை இருட்டினால் மணி அடித்துக் களத்துக் கோப்பியைப் பாயால் மூடச் சொல்வது, பெண்களை ஜன்னல் ஜன்னலாக உட்கார வைப்பது, மூட்டைக்கு அடையாளம் போடுவது, வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டிக் கதவைச் சாத்துவது, எல்லாம் என் வேலை.

நாற்பது பெண்களை மேய்க்கும் வேலைக்கு என்னைப் போல் பொருத்தமில்லாத ஆள் கிடையாது. எனக்குச் சத்தம் போட வராது. ஒரு பெண் என்னை நிமிர்ந்து பார்த்தால் நான் மூட்டையைப் பார்ப்பேன். அவர்கள் சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று காது சுடும். பெரும்பாலும் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

அது நோய் பிடித்துக் கோப்பி இலையில் மஞ்சள் தூள் விழுந்துகொண்டிருந்த காலம். இலை உதிர்ந்து, தோட்டம் தோட்டமாக ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். குற்றம் சாட்டி அனுப்பப்பட்ட கணக்கப்பிள்ளையை எந்தத் துரையும் வாசலில் நிற்கக்கூட விடமாட்டார். வீட்டில் மனைவியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

## மணி கேட்கும் வீடு

எங்கள் வீடு ஸ்டோர் மதிலுக்குப் பின்னால். காலை மணி அடித்ததும் என் கால் தானாக எழும்பும். எழுந்து நின்று, பிறகு எங்கே போவதென்று தெரியாமல் நிற்பேன்.

"மாடு கூட ஒரு நாள் லீவு குடுத்தா படுத்துக்கும்," என்றாள் என் மனைவி செல்லம்மா. "நீங்க என்னங்க, மணி அடிச்சா எழும்புறீங்க, உக்கார்றீங்க."

இரண்டாம் நாள் மாலை கிளாக்கர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். என்னிடம் அன்பாகவே இருந்தவர். கதிரையில் உட்காரச் சொன்னதும் உட்கார்ந்து, பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டே சுற்றி வளைத்துப் பேசினார். கடைசியில் சொல்ல வந்ததைச் சொன்னார்.

"கரத்தைக்காரன் சாலிஹ் ஹேவாஹெட்டையில இருந்து மூட்டை ஏத்திக்கொண்டு வாறான். வழியில சமைக்கிறான். புகை பிடிச்சிருக்கும். நீர் விசாரணையில அதை மட்டும் சொல்லும் காணும். மிச்சத்தை நான் இங்கிலீசில சொல்லிவிடுறன்."

அவர் போன பிறகு நெடுநேரம் யோசித்தேன். அப்படியும் இருக்கலாம்தானே? எனக்குப் பயத்தை விட ஆவல் பெரிதாக இருந்தது. அந்த நாற்றம் எப்படி இருக்கும், எங்கிருந்து வந்திருக்கும், எனக்கு ஏன் தெரியவில்லை? பூட்டிய அறையைச் சாவித் துவாரம் வழியாகப் பார்க்கிறவன் போல அந்த முடிச்சை நாளுக்குப் பத்துத் தரம் அவிழ்த்து முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை.

மூன்றாம் நாள் சாலிஹ் நானா வெறும் கரத்தையோடு ஹேவாஹெட்டைக்குத் திரும்புகிறார் என்று கேள்விப்பட்டேன். நானும் வரலாமா என்று கேட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஏறிக்கொள் என்று கையால் காட்டினார்.

## அடுப்பை அளந்தது

சாலிஹ் நானா கண்டிக்காரர்; நானா என்றால் அவர்கள் வழக்கில் அண்ணன். அவருடைய வாப்பாவும் கரத்தைக்காரர்தான். மாடுகளோடு ஓயாமல் பேசுவார், மனிதர்களோடு எப்போதாவது பேசுவார். அது எனக்கு வசதியாக இருந்தது.

தலாத்துஓயாவுக்கு அப்பால், ஓடை ஓரம், ஒரு பலாமரத்து நிழலில் மாட்டை அவிழ்த்துவிட்டார். நல்ல பகல். அவர் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார். நான் சும்மா உலாவுகிறவன் போலக் கரத்தையிலிருந்து அடுப்பு வரை நடந்தேன். இருபத்திரண்டு அடி. காற்று எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு காய்ந்த இலையைப் போட்டுப் பார்த்தேன். கரத்தைக்கு எதிர்ப்பக்கம் போயிற்று.

"என்னா கணக்கப்புள்ள," என்றார் அவர், சட்டியைக் கிண்டிக்கொண்டே. "அடுப்ப அளந்து முடிஞ்சிச்சா? எத்தன அடி ஈக்கிது?"

எனக்கு முகம் எரிந்தது. இருபத்திரண்டு என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

"கோப்பி ஏத்தின நாள்ல இன்னும் தள்ளி மூட்டுவன். எண்ட வாப்பா சொல்லித் தந்தது. கோப்பி சோறு மாதிரி, பக்கத்துல எது ஈந்தாலும் அதுட வாசத்த எடுத்துக்கும். கருவாட்டு மூட்டையோட சேத்து ஏத்தினாக்கூட ஆகாது." ஒரு தட்டில் சோறு போட்டு என் பக்கம் தள்ளினார். "உங்கள அனுப்பினது கிளாக்கர்தானே?"

இல்லை, நானாகத்தான் வந்தேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் கருவாட்டுத் துண்டில் பெரியதை எனக்கு வைத்தார்.

ஹேவாஹெட்டைத் தோட்டத்தில் இரண்டு நாள் தங்கினோம். சதை நீக்கும் மில், கழுவும் தொட்டி, காயவைக்கும் களம் எல்லாவற்றையும் பார்த்தேன். சுவரில் புகைக்கரி இருக்கிறதா என்று விரலால் தடவினேன். ஒரு கங்காணி என்னைக் கம்பெனி அனுப்பிய பெரிய ஆள் என்று நினைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். மறுக்கத் தெரியாமல் குடித்தேன். எங்கும் நெருப்பு மூட்டிய தடம் இல்லை. களத்திலிருந்து ஒரு பிடி கோப்பியை வாங்கிச் சால்வையின் மறுமுனையில் முடிந்துகொண்டேன்.

திரும்பும் வழியில் மலைச்சரிவெல்லாம் இலை உதிர்ந்த கோப்பிச் செடிகள். குளிர்ந்த காற்று. ஈரமண், மானாப் புல், மாட்டு வியர்வை என்று ஒவ்வொரு வாசனையும் தனித்தனியாக வந்தது. இதெல்லாம் போகும்போதும் இருந்திருக்குமே, எனக்கு ஏன் இப்போதுதான் தெரிகிறது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஐந்து நாளாக நான் ஸ்டோருக்குள் மூச்சு விடவில்லை என்பது அப்போது தோன்றவில்லை.

## சால்வையின் இரண்டு முனைகள்

வீட்டு வாசலில் உட்கார்ந்து தோட்டத்துக் கோப்பியை முதலில் அவிழ்த்தேன். பச்சைப் பயறு போல ஒரு மெல்லிய மணம். பிறகு மற்ற முடிச்சை அவிழ்த்தேன்.

முடிச்சு முழுதாக அவிழும் முன்பே மூக்கில் ஏறியது. ஒரு கணம் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அந்தக் கோப்பிதான். பதினைந்து இருபது தரம் முகர்ந்து ஒன்றுமில்லை என்று வைத்த அதே கோப்பி.

செல்லம்மாவைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல், முகர்ந்து பார் என்று மட்டும் சொன்னேன்.

அவள் ஒரே தரம்தான் முகர்ந்தாள். "இது நீங்க வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வர்றப்ப உங்க சட்டையில வர்ற வாசனைங்க," என்றாள். "சாம்பிராணி."

மறுபடி வாங்கி முகர்ந்தேன். சாம்பிராணியேதான்.

நெருப்பு மூட்டினாயா என்று துரை மூன்று தரம் கேட்டாரே, அந்த மூன்று தரத்தில் ஒரு தரம்கூட எனக்குச் சாம்பிராணிக் கரண்டி நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் அதை நெருப்பு என்று எண்ணியிருக்க மாட்டேன். கற்பூரத்தட்டையும் கரண்டித் தணலையும் அடுப்போடு சேர்த்து யார் எண்ணுவார்கள்?

## காத்தாயி உட்கார்ந்த இடம்

சாம்பிராணி எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஸ்டோரின் வடக்குச் சுவரில் ஏழு ஜன்னல். பெண்கள் அவற்றின் கீழே சுளகும் கையுமாக உட்கார்ந்து, கறுத்த விதையையும் உடைந்த விதையையும் பொறுக்கி எடுப்பார்கள். ஏழாம் ஜன்னலுக்கு வெளியே மரம் கிடையாது. அங்கேதான் வெளிச்சம் அதிகம். அங்கே காத்தாயி என்று ஒரு பெண் உட்காருவாள். விரல் போகும் வேகம் கண்ணுக்குத் தெரியாது. யாரோடும் அதிகம் பேசமாட்டாள்.

ஒரு மழைக்காலத்து மத்தியானம் சுவரில் சாய்ந்தவள் அப்படியே போய்விட்டாள். வேலை முடிகிற மணி அடிக்கும் வரை பக்கத்தில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை. அவள் மடியில் இருந்த சுளகு சரியவில்லை. கறுப்பு விதை ஒரு பக்கம், நல்ல விதை ஒரு பக்கம், பிரித்தது பிரித்தபடி கிடந்தது.

அதன் பிறகு அந்த ஜன்னலடியில் யாரும் உட்காரவில்லை. துரை ஒவ்வொரு நாளும் வந்து, வெளிச்சமுள்ள இடம் ஏன் காலியாகக் கிடக்கிறது என்று என்னைக் கேட்டார். வேறு யாராக இருந்தாலும் பெண்களை விரட்டி உட்கார வைத்திருப்பார்கள். எனக்கு அது வரவில்லை. பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்த மூக்காயியிடம், மூட்டையைப் பார்த்தபடி, என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

"வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம ஒரு கரண்டி சாம்பிராணி போடுங்க சாமி. அவ மனசு குளுந்துட்டா நாங்க உக்கார்றோம்."

போட்டேன். உட்கார்ந்தார்கள். துரை ஏழு ஜன்னலையும் பார்த்துத் திருப்தியாகப் போனார். கரண்டி பிறகு மண்சட்டியானது. மழைக்காலத்தில் புகை நிற்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டும் போனேன். அந்த ஏழாம் ஜன்னல் மூலையில்தான், பொறுக்கி முடித்த கோப்பி மூட்டை கட்டும் வரை திறந்தபடி குவிந்து கிடக்கும். இரண்டு வருஷம் வாராவாரம் அது சாம்பிராணி குடித்திருக்கிறது. நாங்களும் குடித்திருக்கிறோம். அதனால்தான் எங்கள் ஒருவர் மூக்குக்கும் தெரியவில்லை.

மறுநாள் தண்ணீர்ப் பீலி அருகே மூக்காயியைக் கண்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் கோப்பியை முகர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்பு சொன்னாள்: "நீங்க வாயத் தொறக்காம இருந்தா யாருக்குங்க தெரியப் போகுது? பேசாம இருக்கிறதுதான் ஒங்களுக்கு நல்லா வருமே சாமி."

அவள் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது எனக்குச் சுருக்கென்று பட்டது. நான் பேசாமல் இருந்தால் கிளாக்கர் பேசுவார். சாலிஹ் நானா வைத்த கருவாட்டுத் துண்டு நினைவுக்கு வந்தது.

## விசாரணை

பெரிய துரை முன்பு பன்வில பக்கம் தோட்டம் பார்த்தவர். தோட்டத்துத் தமிழ் பேசுவார். கட்டையான, நரைத்த மனிதர். விறாந்தையில் அதே மேசை, அதே துணிப்பை. கிளாக்கர் பக்கத்தில் நின்று இங்கிலீசில் ஏதோ தொடங்கினார். நடுவில் சாலிஹ் என்ற பெயர் மட்டும் எனக்குப் புரிந்தது.

என் வாழ்க்கையில் ஒருவர் பேசும்போது நான் குறுக்கே பேசியது அந்த ஒரு தரம்தான்.

"கரத்தைக்காரர் மேல தப்பு இல்லைங்க துரை. நான்தாங்க."

கிளாக்கர் பாதி வார்த்தையில் நின்றார். பெரிய துரை என்னைப் பார்த்தார். "நெருப்பு நீ போட்டதா?"

"நான்தாங்க. கோப்பி காயறதுக்குப் போடலைங்க."

சால்வையின் இரண்டு முடிச்சையும் அவிழ்த்து மேசை மேல் இரண்டு குவியலாக வைத்தேன். அது எனக்குப் பேச்சை விடச் சுலபமாக இருந்தது. அவர் ஒன்றை முகர்ந்தார், மற்றதை முகர்ந்தார், மறுபடி முதலாவதை முகர்ந்தார். பிறகு எழுந்து, காட்டு என்றார்.

ஏழாம் ஜன்னலடியில் நின்று காத்தாயியின் கதையைச் சொன்னேன். நாற்பது பெண்களும் சுளகை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய துரை ஒரு ஏணி கேட்டார். அந்த வயதில் தானே ஏறி, மேலே உத்தரத்தை நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.

"கோயில்," என்றார், ஏணி மேலிருந்தே. "கோயில் வாசம்."

எங்கள் ஸ்டோர்த் துரையும் ஏறிச் சுரண்டி முகர்ந்து, முகத்தைச் சுளித்தார்.

தீர்ப்பு எனக்கு எதிராகவும் இல்லை, எனக்குச் சாதகமாகவும் இல்லை. திங்கள் முதல் சனி வரை நான் வேலைக்கு வரலாம். சாவி கிளாக்கரிடமே இருக்கும். சனிக்கிழமை ரயிலில் மறுபடி வந்து பார்ப்பதாகப் பெரிய துரை சொன்னார். புகை ஒரு பொட்டுக்கூட இருக்கக்கூடாது. ஏழு ஜன்னலிலும் ஆள் இருக்க வேண்டும். இரண்டில் எது தவறினாலும் வீட்டைக் காலி செய்துகொண்டு போக வேண்டியதுதான்.

## ஆறு நாள்

திங்கட்கிழமை உத்தரத்தைக் கழுவினோம். மூலைக் குவியலை அப்புறப்படுத்தினோம். ஏழாம் ஜன்னல் காலியாகவே கிடந்தது.

செவ்வாய்க்கிழமை நான் மூக்காயியைக் கேட்டேன். "சாம்பிராணிய நிறுத்திட்டு உக்காரச் சொல்றீங்க," என்றாள் அவள். "குடுத்துக்கிட்டிருந்தத நிறுத்தினா அவ என்னங்க நெனைப்பா?" புதன்கிழமை கிளாக்கர் வந்து, அதட்டும் காணும், அதட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதட்ட வாயைத் திறந்தேன். மூட்டைகளை எண்ணச் சொன்னேன்.

வியாழக்கிழமை காலை செல்லம்மா பாத்திரங்களை ஒரு பெட்டியில் அடுக்கத் தொடங்கியிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு ஸ்டோருக்குப் போனவன், ஒரு சுளகை எடுத்துக்கொண்டு நேரே ஏழாம் ஜன்னலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

துணிச்சலில் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஏழு ஜன்னலிலும் ஆள் இருக்க வேண்டும் என்றுதானே சொன்னார், நானும் ஆள்தானே என்ற ஒரே யோசனைதான். சுவரில் முதுகு படாமல் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் முதுகு வலித்துச் சாய்ந்தும்விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. வெளிச்சம் அவ்வளவு நன்றாக இருந்தது. விதையின் நடுக்கோடு கூடத் தெளிவாகத் தெரிந்தது.

ஆனால் எனக்குப் பொறுக்க வரவில்லை. சுளகைத் தட்டினால் நல்லதும் கெட்டதும் சேர்ந்து மடியில் விழுந்தன. முதலில் ஒரு சிரிப்புக் கேட்டது. பிறகு ஒரு ஜன்னலிலிருந்து அடுத்த ஜன்னலுக்கு அது பரவியது. காது சுட்டது. எழுந்து போகக் கால் துடித்தது. பெட்டியில் அடுக்கிய பாத்திரத்தை நினைத்துக்கொண்டு குனிந்து பொறுக்கினேன்.

மத்தியானம் வரை சிரித்தார்கள். அதற்குப் பிறகு மூக்காயி எழுந்து வந்து என் முன்னால் நின்றாள்.

"தள்ளுங்க சாமி. காத்தாயி ஒக்காந்த எடத்துல இப்பிடி ஒரு சொளகா? அவ பாத்தா செத்த எடத்துலயே எந்திரிச்சு வந்துருவா."

அவளைத் தொடர்ந்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், என் மடியில் கொட்டியதை அள்ளிச் சரி பண்ண. வந்தவர்கள் வேலை முடிகிற மணி அடிக்கும் வரை எழுந்து போகவில்லை. வெள்ளிக்கிழமையும் அங்கேயே வந்து உட்கார்ந்தார்கள். அன்று சட்டியும் இல்லை, கரண்டியும் இல்லை. காலையில் கிளாக்கர் கதவைத் திறந்ததும் உள்ளே போனபோது எனக்குக் கோப்பி மணத்தது. அந்த ஸ்டோரில் அத்தனை வருஷம் இருந்தும் எனக்கு அது புதிதாக இருந்தது.

சனிக்கிழமை பெரிய துரை வந்தார். முதல் ஜன்னலிலிருந்து மெதுவாக நடந்தார். நான் நாலடி பின்னால் நடந்தேன். ஆறாம் ஜன்னலைத் தாண்டும்போதுதான் கண்டேன், ஏழாம் ஜன்னல் கட்டையில் ஒரு சிவப்புப் பூ. யார் வைத்தது, எப்போது வைத்தது, ஒன்றும் எனக்குத் தெரியாது. சாம்பிராணிக்குப் பதிலாகப் பூவா? பூவாசமும் கோப்பியில் ஏறுமே. துரையும் அதைக் கண்டுவிட்டார். புருவத்தைச் சுருக்கி, பூவை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

மூக்காயி சுளகிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"செவ்வரத்தம்பூங்க துரை," என்றாள். "பாத்துத்தான் வச்சோம். அதுக்கு வாசமே கெடையாது."

பெரிய துரை இன்னொரு தரம் முகர்ந்தார். பூவை எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமாகவே வைத்தார். பிறகு கிளாக்கரைப் பார்த்து, கணக்கப்பிள்ளைக்குச் சாவியைக் கொடு என்றார்.